வெள்ளி, ஞாயிறு மட்டும்

டெல்டாவுக்கு அட்லாண்டா.
யுனைடெட்டுக்குச் சிகாகோ, டென்வர், ஹூஸ்டன், இன்னும் சில.
சவுத்வெஸ்ட் டவுன் பஸ் மாதிரி
ஊர் ஊராய்த் தொட்டுத் தொட்டுப் போகும்.
நான் இருப்பது டல்லாஸில்.
கம்பெனிப் பெயரை வெளியே எழுத அனுமதியில்லை,
உங்களுக்கே தெரியும்.

முன்பு இருக்கைப் பையில் ஓர் இதழ் இருக்கும்.
கடைசிப் பக்கத்தில்
டல்லாஸிலிருந்து நாலாபக்கமும் கோடுகள்
யாரோ ஈரக்குடையை உதறியதுபோல.
இதழ் நின்றுபோயிற்று.
கோடுகள் இப்போது என் திரையில்.

ஆறாம் மாடி, ஜன்னலில்லாத பக்கம்.
கோடு போடுகிறவன் என்று மாமா வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள்.
போடுவதற்கு ஏழு கூட்டம் வேண்டும்.
அழிக்க ஒரு மத்தியானம் போதும்.
போன வருடம் அழித்த ஒன்றின் நுனியில்
ஓர் ஊர் இருந்தது.
அதன் மூன்றெழுத்து மட்டும் ஞாபகமிருக்கிறது.

இந்தமுறை சிவப்பில் வந்தது ஃபார்கோ.
வடக்கு டகோட்டா. கோதுமை, பனி, காற்று.
விமான நிலையக் குறியீடு எஃப், ஏ, ஆர்.
சேர்த்து வாசித்தால்
ஆங்கிலத்தில் தூரம் என்று வரும்.
எழுபத்தாறு இருக்கை.
பாதி நிரம்பினால் அன்று நல்ல நாள்.

அங்கேதான் லோசனி குழந்தை மருத்துவர்.
டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம்
வேலை பார்த்தால் விசா என்றார்கள்,
போனாள்.
மூன்று முடிந்தும் இருக்கிறாள்.
அதில் எங்கள் கதையும் முடிந்தது,
அது இங்கே வேண்டாம்.

நறுமுகைக்கு ஏழு வயது.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்னிடம்
என்று எழுதினார் நீதிபதி.
தனியாக வரும் குழந்தை
நடுவில் விமானம் மாறக்கூடாது
என்று எழுதியது எங்கள் கம்பெனி.
எட்டு வயதானால் மாறலாம், சில ஊர்களில்.
மற்றவர்கள் எல்லாரும்
மினியாபோலிஸில் இறக்குவார்கள், டென்வரில் இறக்குவார்கள்,
இறக்காமல் கொண்டுவருவது
இந்தச் சிவப்புக் கோடு ஒன்றுதான்.

பொய் சொல்லவில்லை.
ஜனவரியோடு ஒப்பிட வேண்டியதை
ஜூலையோடு ஒப்பிட்டேன்.
தினசரியை எடுத்துவிடலாம்,
வெள்ளியும் ஞாயிறும் இருக்கட்டும் என்றேன்.
கிரெக் ஹாலிடே மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஏன் அந்த இரண்டு நாள் என்றார்.
டிமாண்ட் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
தமிழில் அதற்குத் தேவை என்று பெயர்.
அவர் கேட்கவில்லை,
நானும் மொழிபெயர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அதில் போனவர்கள் யார்?
என் அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.
ஒருவர் மட்டும் கடிதம் போட்டிருந்தார்.
சர்க்கரைக்கிழங்கு தோண்டும் இயந்திரங்களுக்கு
உதிரிபாகம் விற்கிறவராம்.
மூன்று பக்கம், பேனாவால்.
உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று
பதில் போகும்.
அந்த வாசகமும் நான் எழுதியதில்லை.

வெள்ளி இரவு, பி முனையம்.
எல்லாரும் இறங்கியபிறகு
கடைசியாக வருவாள்,
கழுத்தில் பிளாஸ்டிக் உறை ஆட
பணிப்பெண்ணின் கையைப் பிடித்தபடி.
உறைக்குள் ஒரு படிவம்.
ஒப்படைப்பவர் என்ற இடத்தில்
லோசனியின் கிறுக்கல், மருந்துச்சீட்டில் போடுவதேதான்.
பெறுபவர் என்ற இடத்தில் நான்.
விவாகரத்துக்குப் பிறகும்
நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடுகிற
ஒரே தாள்.
நகல் எனக்கு. மஞ்சள் நிறம்.
முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.

எட்டு வயதாக இன்னும் பதினோரு மாதம்.
குளிர்கால அட்டவணை ஒன்று,
கோடை அட்டவணை ஒன்று,
தாண்டிவிடலாம் என்று
வண்டி நிறுத்தத்துக்கு நடக்கும்போதெல்லாம் கணக்குப் போடுவேன்.

இன்று லிஃப்ட்டுக்குக் காத்திருக்கையில்
சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
'அப்பா, பிளேன்ல எத்தன பேர் தெரியுமா?
எண்ணிட்டேன்.
என்னையும் சேத்துப் பதினெட்டு.'

பின்னால் அடையாள அட்டையுடன் யாரோ நின்றிருந்தார்கள்.
மெதுவாப் பேசு என்றேன்.